சிஸ்டரிடம் கேளுங்கள்: பள்ளியில் சி.பி.ஆர். எதற்குக் கட்டாயம்?

போன மாதம் இந்தப் பகுதியில், பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வரும் ஒவ்வொரு மாணவரும் சி.பி.ஆர். செய்யக் கற்றிருக்க வேண்டும், பள்ளிகள் அதைக் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். இதயம் நின்று விழுந்தவரின் நெஞ்சை விடாமல் அழுத்தி, மூளைக்குப் போகும் ரத்தம் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் சி.பி.ஆர். நான் 26 வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தவள். இப்போது ஆறு வருடமாகப் பள்ளி பள்ளியாகப் போய் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். வந்த கடிதங்களில் பாதி ஆதரவு, பாதி எதிர்ப்பு. எதிர்த்து எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். இருக்கிற பாடங்களுக்கே நேரம் போதவில்லை. விருப்பம் உள்ள பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். எல்லோருக்கும் எதற்குக் கட்டாயம்? — ஒரு தாய்

நேரத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது, அதனால் அதை முதலில் சொல்கிறேன். 12 வயதிலிருந்து வருடத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்பதுதான் 2015-ல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் கொடுத்த பரிந்துரை. மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. வீட்டுப்பாடம் கிடையாது, மதிப்பெண் வேண்டாம்.

அடுத்து, விருப்பம். நானும் ஆரம்பத்தில் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் வகுப்பு எடுத்தேன். ஒரு பள்ளியில் இருநூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். வந்தது 19 பேர். விசாரித்தால், அதில் பாதிப்பேர் மருத்துவம் படிக்கப் போகிறவர்கள். நான் சொல்லித்தராவிட்டாலும் கல்லூரியில் எப்படியும் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள். வகுப்பு முடிந்து, நெஞ்சை அழுத்திப் பழகும் பொம்மைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து தூக்க உதவினான். நீ ஏன் வரவில்லை என்று கேட்டேன். "எங்கப்பாவுக்கு ரெண்டு தடவை அட்டாக் வந்திருக்கு சிஸ்டர். பயமா இருந்துச்சு, அதான் வரல" என்றான்.

எந்த வீட்டில் இது தேவைப்படுமோ அந்த வீட்டுப் பிள்ளைதான் வெளியே நின்றிருக்கிறான். அன்றிலிருந்து விருப்ப வகுப்புக்கு நான் சம்மதிப்பதில்லை. அவனை அப்போதே உட்கார வைத்து, பெட்டியில் போட்ட பொம்மையைத் திரும்ப எடுத்து, இருபது நிமிடம் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அப்படி வந்து பெட்டி தூக்காத பிள்ளைகள் எத்தனை பேரோ.

மருத்துவமனைக்கு வெளியே இதயம் நிற்பவர்களில் சுமார் பத்தில் ஏழு பேருக்கு அது வீட்டில்தான் நடக்கிறது. வீட்டில் யார் இருப்பார்கள்? கூட வாழ்கிறவர்கள். சி.பி.ஆர். செய்யாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகிறது. எவ்வளவு நல்ல ஆம்புலன்ஸ் சேவையாக இருந்தாலும் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகத்தான் செய்யும். அந்த நிமிடங்கள் உங்கள் மகளைப் போன்ற ஒருவர் கையில் இருக்கின்றன.

டென்மார்க் 2005-ல் பள்ளிகளில் இதைக் கட்டாயமாக்கியது. அடுத்த வருடமே ஓட்டுநர் உரிமம் வாங்க வருபவர்களும் கற்றாக வேண்டும் என்று ஆக்கினார்கள். 2001-ல் அந்த நாட்டில் இப்படி விழுந்தவர்களில் நூற்றுக்கு 21 பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் சி.பி.ஆர். செய்தார்கள். 2010-ல் அது 45 பேர். முப்பது நாள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு மூன்றரை பேராக இருந்து, கிட்டத்தட்ட 11 பேராக உயர்ந்தார்கள். பள்ளிப் பாடம் மட்டுமே இதைச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதே காலத்தில் ஆம்புலன்ஸ் சேவையும் மருத்துவமனைச் சிகிச்சையும் அங்கே மேம்பட்டன. ஆனால் ஆம்புலன்ஸ் வரும்வரை தாக்குப்பிடிக்க வைத்தவை சாதாரண மக்களின் கைகள்.

நார்வே பள்ளிகளில் 1961-லேயே இது தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பரிலிருந்து அரசுப் பள்ளிகளில் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிவதற்குள் இந்தப் பயிற்சி கட்டாயம் என்று சட்டம் போட்டிருக்கின்றன.

நான் வரலாற்று ஆசிரியை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை எங்கள் தலையில் கட்டுவது சரியா? இது மருத்துவர்களின் வேலை இல்லையா? தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் யார் பொறுப்பு?

நீங்கள் வரலாறு நடத்துகிறவர் என்பதால் 1960-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கோவன்ஹோவன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். மின் பொறியாளர். நின்ற இதயத்தை மின்சார அதிர்ச்சியால் திரும்ப ஓட வைக்க முடியுமா என்று நாய்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரோடு வேலை செய்த நிக்கர்பாக்கர் என்ற இளைஞர் ஒன்றைக் கவனித்தார். அதிர்ச்சி கொடுக்கும் தகடுகளை நாயின் நெஞ்சில் வைத்து அமுக்கினாலே, மின்சாரம் பாய்வதற்கு முன்பே, ரத்த அழுத்தம் சற்று உயர்ந்தது. வெறும் அமுக்கத்துக்கே ரத்தம் நகர்கிறது! அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் அவர்களோடு சேர்ந்து அதை மனிதர்களிடம் செய்து பார்த்தார். மூவரும் சேர்ந்து 1960-ல் வெளியிட்ட கட்டுரையில், இதை யாரும் எங்கும் தொடங்கலாம், இரண்டு கைகள் போதும் என்று எழுதினார்கள். அதற்கு முன்புவரை நெஞ்சைத் திறந்து இதயத்தைக் கையால் பிசைந்துகொண்டிருந்தார்கள். மூவரில் மூத்தவர் மருத்துவரே அல்ல. ஆரம்பத்திலிருந்தே இது மருத்துவர்களுக்கு மட்டும் என்று வைக்கப்பட்ட வேலை கிடையாது டீச்சர்.

ஆசிரியர்களால் சொல்லிக்கொடுக்க முடியுமா என்பதையும் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஆறு வருடம் நடந்த ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற ஆசிரியர்களிடம் கற்ற பிள்ளைகள், அவசர மருத்துவப் பணியாளர்களிடம் கற்ற பிள்ளைகளுக்குக் குறைவில்லாமல் செய்தார்கள்.

என் அனுபவத்தில், சில ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு கணக்கு ஆசிரியரைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்று நான் எப்போதும் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன். அவர் கரும்பலகையில் 110 என்று எழுதி, ஆம்புலன்ஸ் வரப் பத்து நிமிடம் ஆனால் எத்தனை தடவை என்று கேட்டார். ஆயிரத்து நூறு. "இப்போ எத்தனை பேர் தேவை, சொல்லுங்க" என்றார். ஒரு ஆள் இரண்டு நிமிடத்தில் களைத்துவிடுவார், ஆள் மாற்ற வேண்டும், அதனால் முதலில் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். இப்போது என் வகுப்பிலும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

பொறுப்பு பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் செய்யக்கூடிய பெரிய தவறு ஒன்றே ஒன்றுதான்: ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு, பிள்ளைகள் கற்றுவிட்டார்கள் என்று கையெழுத்துப் போடுவது. டென்மார்க்கிலேயே சட்டம் வந்து பல வருடம் கழித்தும் நிறையப் பள்ளிகள் பயிற்சியை முழுதாக நடத்தவில்லை என்று ஓர் ஆய்வு சொன்னது. நேரமில்லை, பொம்மை இல்லை, ஆசிரியருக்குத் தைரியம் இல்லை. காகிதத்தில் கட்டாயம் என்று இருந்து என்ன பயன்? ஒவ்வொரு பிள்ளையின் கையும் ஒருமுறையாவது அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். அந்த அழுத்தம் எவ்வளவு பலமானது என்பது பார்த்துத் தெரிகிற விஷயம் இல்லை.

சிஸ்டர், எனக்கு 15 வயது. 42 கிலோதான் இருக்கிறேன். விளையாட்டிலும் பலமில்லை. ஒரு பெரிய ஆள் விழுந்தால் என்னால் அழுத்த முடியுமா?

முடியும் கண்ணு. 13, 14 வயதுப் பிள்ளைகள் பெரியவர்கள் அளவுக்கு அழுத்துகிறார்கள் என்று சோதனையில் பார்த்திருக்கிறார்கள். கனமான உடம்புக்காரர்களுக்கு இது கொஞ்சம் சுலபம், அது உண்மைதான். அதனால் உன்னைப் போன்றவர்கள் கையின் பலத்தை நம்பாமல் உடம்பின் எடையை நம்ப வேண்டும். எப்படி என்று சொல்கிறேன், தலையணையை வைத்துச் செய்து பார்.

விழுந்தவர் கட்டிலிலோ மெத்தையிலோ இருந்தால் தரைக்கு இறக்க வேண்டும். மெத்தை உன் பலத்தையெல்லாம் தின்றுவிடும். அவருடைய பக்கத்தில், நெஞ்சை ஒட்டி முழங்கால் போட்டு உட்கார். எட்டி உட்கார்ந்தால் இடுப்புதான் வலிக்கும். நெஞ்சின் நடுவில் கெட்டியாக ஓர் எலும்பு இருக்கிறது, அதன் கீழ்ப்பாதியில் உன் உள்ளங்கையின் அடிப்பகுதியை வை. அடுத்த கையை அதன் மேல் வைத்து விரல்களைக் கோத்துக்கொள். இப்போதுதான் முக்கியமான இடம்: முழங்கையை மடக்காதே. உன் தோள் உன் கைக்கு நேர் மேலே வரட்டும். அப்படியே முன்னால் சாய்ந்தால் உன் 42 கிலோவின் பெரும்பகுதி அந்த ஓர் இடத்தில் இறங்கும். ஐந்து சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், ஆறுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலே வர விடு. மேலே வரும்போதுதான் இதயத்தில் ரத்தம் நிறைகிறது. நெஞ்சு முழுசாக மேலே வர விடாமல் அதன் மேல் சாய்ந்துகொண்டே இருந்தால் அழுத்தியும் பயனில்லை.

மெலிந்த பிள்ளைகள் எல்லோரும் முழங்கையை மடக்கித்தான் தொடங்குகிறார்கள். நான் பின்னால் போய் இரண்டு முழங்கையையும் பிடித்து நிமிர்த்திவிடுவேன். உடனே பொம்மையிலிருந்து 'டிக்' என்று சத்தம் வரும், ஆழம் சரியாக இருந்தால் வரும் சத்தம் அது. அப்போது அந்தப் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு தூரம் பெட்டி தூக்கிக்கொண்டு போகிறேன்.

அப்புறம், உன்னால் ஒரு நிமிடம்தான் அழுத்த முடிந்தது என்றே வைத்துக்கொள். நீ என்ன நடக்கிறது என்று கண்டுகொண்டாய், அவசர எண்ணுக்குப் போன் செய்ய வைத்தாய், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினாய். அங்கே வேறு யாருக்கும் தெரியாத மூன்று விஷயங்கள் அவை.

மாரடைப்பு வந்தவருக்கெல்லாம் சி.பி.ஆர். செய்ய வேண்டுமா? நெஞ்சு வலி என்று சொல்கிறவரை அழுத்தினால் வலி கூடாதா? — பத்தாம் வகுப்பு மாணவன்

இந்தக் கேள்வியை எல்லாப் பள்ளியிலும் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கும் இது குழப்பமாகத்தான் இருக்கிறது, பத்திரிகைகளில்கூட இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள்.

மாரடைப்பு என்றால் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. அவருக்கு வலிக்கும், வியர்க்கும், மூச்சு வாங்கும், ஆனால் பேசுவார். இதயம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவருக்கு ஆம்புலன்ஸ் வேண்டும், சி.பி.ஆர். வேண்டாம். இதயம் நின்றுபோவது வேறு. அடைப்பினால் நிற்கலாம், வேறு காரணத்தாலும் நிற்கலாம். நல்ல உடற்கட்டு உள்ள விளையாட்டு வீரருக்கும் நடக்கலாம். 2021 ஜூன் 12-ம் தேதி ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து ஆட்டத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் விழுந்தது இப்படித்தான். அங்கேயே நெஞ்சை அழுத்தினார்கள், கருவியால் ஓர் அதிர்ச்சி கொடுத்தார்கள், நினைவு திரும்பியது. அடுத்த வருடம் உலகக் கோப்பையில் ஆடினார்.

இதயம் நின்றவர் பேச மாட்டார். தோளைத் தட்டிக் கூப்பிட்டால் அசைய மாட்டார். சரியாக மூச்சு விட மாட்டார். இந்த 'சரியாக' என்ற சொல்லைக் கவனி. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலர் மீன் வாயைத் திறந்து மூடுவதுபோல இடைவெளி விட்டு விட்டு இழுப்பார்கள். குறட்டை மாதிரியோ விக்கல் மாதிரியோ சத்தம் வரும். சுற்றி நிற்பவர்கள் 'மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு' என்று சொல்லி முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அது மூச்சு இல்லை. மூளையின் அடிப்பகுதி கடைசியாகச் செய்கிற வேலை. சிலருக்குச் சில நொடிகள் கை கால் வெட்டி இழுக்கும், வலிப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

என் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் உறவினர்களிடம் விழுந்தவுடன் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பது என் வேலையாக இருந்தது. எத்தனை பேர் அழுதுகொண்டே 'குறட்டை விட்டாரு, தூங்குறாருன்னு நினைச்சோம்' என்று சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவே முடியாது. அதனால் வகுப்பில் நானே தரையில் படுத்து அந்தச் சத்தத்தைச் செய்துகாட்டுகிறேன். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை செய்யும்போது யாரும் சிரிப்பதில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் தொடங்கிவிடு. நாடி பிடித்துப் பார்த்து நேரத்தை வீணாக்காதே, பதற்றத்தில் எங்களுக்கே சில நேரம் தவறும்.

நின்றிருக்காத இதயத்தை அழுத்திவிட்டால்? விலா எலும்பு உடைந்தால்? வழக்கு வந்தால்?

இதயம் ஓடிக்கொண்டிருப்பவரை அழுத்தினால் பெரும்பாலும் அவரே முனகிக் கையைத் தட்டிவிடுவார், நிறுத்திவிடலாம். பெரிய காயம் ஏற்படுவது அபூர்வம். எலும்பு உடையலாம், வயதானவர்களுக்கு அடிக்கடி உடையும். ஒட்டிக்கொள்ளும். நல்ல எண்ணத்தோடு உதவியவரைக் காப்பாற்றும் சட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. உங்கள் நாட்டில் உள்ளதைப் பள்ளியே விசாரித்து, வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா? என் மகன் அதற்காகவே வகுப்புக்குப் போக மறுக்கிறான்.

திடீரென்று விழுந்த பெரியவருக்கு ஊதாமல், அழுத்துவதை மட்டும் நிறுத்தாமல் செய்தால் போதும் என்று மகனிடம் சொல்லுங்கள். தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் காற்று முக்கியம். அதற்குத்தான் 30 முறை அழுத்தி இரண்டு முறை ஊதும் முறை. அதை இரண்டாம் வருடத்தில் கற்றுக்கொள்ளட்டும்.

என் வகுப்பில் பையன்கள் பெண்ணுக்கு எப்படிச் செய்வது என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது, பயமாகவும் இருக்கிறது. நான் விழுந்தால் யாரும் தொட மாட்டார்களா? — ஒரு மாணவி

உன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பொது இடத்தில் விழும் பெண்களுக்கு, ஆண்களைவிடக் குறைவாகத்தான் சி.பி.ஆர். கிடைக்கிறது என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. தொட்டால் தப்பாக நினைப்பார்களோ, காயம் பட்டுவிடுமோ என்று நிற்கிறார்கள். நிற்கும் நேரத்தில் நிமிடங்கள் போய்விடுகின்றன.

கட்டாய வகுப்பு வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பையன்களின் சிரிப்பு கெட்ட எண்ணம் இல்லை, என்ன செய்வதென்று தெரியாத சங்கடம். அந்தச் சங்கடம் வகுப்பிலேயே தீர்ந்துபோக வேண்டும், தெருவில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது இருக்கக் கூடாது. பயிற்சிப் பொம்மைகள் பெரும்பாலும் ஆண் உடம்பாகவே செய்யப்படுகின்றன. நான் ஒரு பொம்மைக்குப் பெண்கள் உடுத்தும் உள்ளாடையும் மேல்சட்டையும் போட்டு எடுத்துப் போகிறேன். எல்லோரும், பையன்களும் பெண்களும், அதிலும் அழுத்தியாக வேண்டும். கை படுவது நடு எலும்பில். அழுத்துவதற்கு உடையைக் கழற்றத் தேவையே இல்லை. இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி வந்து அதன் ஒட்டிகளை ஒட்டும்போது மட்டும் தோல் தெரிய வேண்டும். அப்போது சுற்றி நிற்பவர்களை வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லி மறைத்துக்கொள்ளலாம். இதை நான் சொல்லும்போது வகுப்பில் பெண்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் பயிற்சிப் பொம்மை வாங்க வசதியில்லை. அது இல்லாமல் நடத்த முடியுமா? — ஒரு தலைமை ஆசிரியர்

தொடங்கலாம் ஐயா. மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் துண்டில் சுற்றி, அதைச் சட்டைக்குள் திணித்துத் தரையில் வைத்து அழுத்தினால் ஓரளவு எதிர்ப்பு தெரியும். வெறும் தலையணை அதைவிட மெத்தென்று இருக்கும். ஆனால் கையை எங்கே வைப்பது, தோளை எங்கே கொண்டுவருவது, எந்த வேகம் என்பதற்கெல்லாம் அது போதும். ஒரே ஒரு நல்ல பொம்மையைச் சுற்றியுள்ள ஐந்தாறு பள்ளிகள் சேர்ந்து வாங்கி, மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். நான் போகும் இரண்டு பள்ளிகள் அப்படித்தான் செய்கின்றன.

அந்தப் பொம்மையின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நார்வேயில் ஆஸ்மண்ட் லேர்டால் என்ற விளையாட்டுப் பொம்மை தயாரிப்பாளர், தண்ணீரில் மூழ்கிய தன் இரண்டு வயது மகனைத் தூக்கி, நுரையீரலில் இருந்த தண்ணீரை வெளியேற்றிக் காப்பாற்றியவர். பிறகு மருத்துவர்கள் அவரிடம் பயிற்சிக்கு ஓர் உருவம் வேண்டும் என்று கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. 1960-ல் வந்தது அந்தப் பொம்மை. அதன் முகம், பாரிஸின் சென் நதியில் இறந்து கிடந்ததாகச் சொல்லப்படும், யாரென்று தெரியாத ஓர் இளம்பெண்ணின் முக அச்சைப் பார்த்துச் செய்யப்பட்டது. பிள்ளைகள் அந்தக் கதையைக் கேட்ட பிறகு பொம்மையைத் தூக்கிப் போட மாட்டார்கள், தலையைப் பிடித்து மெதுவாக வைப்பார்கள்.

சிஸ்டர், எனக்கு 17 வயது. நீங்கள் எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறீர்கள். நான்கு மாதத்துக்கு முன் என் தாத்தா சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது விழுந்துவிட்டார். பாட்டியும் நானும்தான் இருந்தோம். நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். ஆம்புலன்ஸ் வர 14 நிமிடம் ஆனது. அவர் பிழைக்கவில்லை. நான் வேகமாக அழுத்திவிட்டேனா, ஆழம் போதவில்லையா என்று தினமும் யோசிக்கிறேன். வகுப்புக்கே வராமல் இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

தம்பி, உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கடைசி வரியில் வந்து நின்றுவிடுகிறேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். உன் வகுப்பில் நான் பிழைத்தவர்களின் கதைகளை மட்டும்தான் சொன்னேன். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்று நினைத்து, மற்றதைச் சொல்லாமல் விட்டேன். எல்லாம் சரியாகச் செய்தாலும் பெரும்பாலானவர்கள் பிழைப்பதில்லை. மேலே டென்மார்க் கணக்கைச் சொன்னேனே, அந்த நல்ல வருடத்திலும் நூற்றுக்கு 89 பேர் போய்விட்டார்கள். அவர்களில் பலருக்கு நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் அழுத்தியிருப்பார்கள். சில இதயங்கள் நிற்கும்போதே திரும்ப ஓட முடியாத நிலைக்குப் போயிருக்கும். உன் தாத்தாவுக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் உன் வேகம் கொஞ்சம் கூடியதாலோ குறைந்ததாலோ அவர் போகவில்லை. இதை நான் உனக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். உன் கடிதம் வந்த பிறகு எடுத்த எல்லா வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிடம் இதைத்தான் பேசுகிறேன்.

பதினான்கு நிமிடம் என்று எழுதியிருக்கிறாய். நிமிடத்துக்கு 100 என்றாலும் ஆயிரத்து நானூறு முறை. எங்கள் பிரிவில் நாங்கள் ஐந்தாறு பேர் வரிசையில் நின்று, இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் மாறுவோம். நீ ஒற்றை ஆளாக, உன் பாட்டி பார்த்துக்கொண்டிருக்க, உன் சொந்தத் தாத்தாவுக்குச் செய்திருக்கிறாய். 26 வருடத்தில் என் குடும்பத்து ஆளுக்கு நான் ஒருமுறைகூடச் செய்ய நேர்ந்ததில்லை. நேர்ந்திருந்தால் உன்னளவுக்கு நின்றிருப்பேனா என்று தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நான் அழுத்திய முதல் நோயாளி பிழைக்கவில்லை. ஒரு நடுவயது அம்மா. அவருடைய வளையல் என் முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்தது இன்றும் நினைவிருக்கிறது. முடிந்த பிறகு நான் துணி அறையில் போய் நின்றுகொண்டேன். மூத்த சிஸ்டர் ஒருவர் வந்து, என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "முதல்லேர்ந்து சொல்லு" என்றார். நான் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகவில்லை. இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மறுபடி சொல்லச் சொன்னார்.

உனக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். பள்ளியில் மனநல ஆலோசகர் இருந்தால் அவரிடம் போ. இல்லையென்றால் உனக்குப் பிடித்த ஓர் ஆசிரியரிடம் போய், அன்று தாத்தா எழுந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் வந்ததுவரை, நடந்ததை நடந்தபடி சொல். பாட்டியோடும் பேசு. அவரும் அந்த அறையில்தான் இருந்தார், அவருக்கும் கேட்க ஏதோ இருக்கும்.

ஒன்றை நீ எழுதவில்லை. இரவில் தூக்கம் வருகிறதா? தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வருகிறது என்றால் நாளைக்கே வீட்டில் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதே. பதிலைப் பத்திரிகை முகவரிக்கே அனுப்பு. உறையின் மேல் 'சிஸ்டருக்கு மட்டும்' என்று எழுது. அது அச்சில் வராது, என் கைக்கு நேராக வரும். வந்த அன்றே பதில் எழுதுகிறேன்.